தேவாலய வாசலில் நின்ற முஸ்லிம் வாலிபர்கள்

எங்கள் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சென்ற மாதம் மதவெறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சோடு பேச்சாக இந்தோனேசியாவின் உதாரணம் ஒன்றைச் சொன்னேன். அங்கே கிறிஸ்துமஸ் இரவுகளில் தேவாலயங்களுக்கு வெளியே முஸ்லிம் வாலிபர்கள் காவல் நிற்கிறார்கள். உள்ளே கிறிஸ்தவர்கள் அமைதியாக ஜெபம் செய்கிறார்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள், சைடராக வேலை செய்யும் ஓர் இளந்தோழர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"தோழர், நீங்க சொல்ற அந்த அமைப்புதானே 1965-ல நம்ம கட்சிக்காரங்களை வெட்டிக் கொன்னது? அவங்களையா நாம பாராட்டணும்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. கேள்வி நியாயமானது. அவர் சொன்னது உண்மையும்கூட. இரவு ஷிப்டுக்குச் சங்கு ஊதும் நேரம் நெருங்கிவிட்டதால் அன்று அரைகுறையாகவே பதில் சொன்னேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். மதநல்லிணக்கம் என்ற பேச்சை மேடைகளில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன தொழிலாளித் தோழர்களும் விவசாயத் தொழிலாளித் தோழர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

2000-ஆம் ஆண்டு டிசம்பர் 24. கிழக்கு ஜாவாவில் மொஜோகெர்த்தோ என்ற ஊர். எபன் ஏசர் என்ற தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் ஆராதனை நடந்துகொண்டிருக்கிறது. காவலுக்கு நின்ற முஸ்லிம் வாலிபர்களில் ஒருவர் ரியாந்தோ. வயது 25. கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள், உள்ளே கம்பிகள். "படுத்துக்கொள்ளுங்கள்!" என்று கூவிவிட்டு, ரியாந்தோ அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறார். ஜனங்கள் இல்லாத பக்கம் எறிந்துவிடலாம் என்பது எண்ணம். எறிவதற்கு முன் அது வெடித்துவிட்டது. தேவாலயத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அதே இரவில் இந்தோனேசியாவின் பல நகரங்களில் தேவாலயங்களைக் குறிவைத்துக் குண்டுகள் வெடித்தன. சுமார் 18 பேர் மாண்டனர். ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாதக் கும்பலின் வேலை அது. குண்டு வைத்தவர்களும் முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டவர்கள்தாம். குண்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் முஸ்லிம்தான். மொஜோகெர்த்தோவில் இன்று ஒரு தெருவுக்கு ரியாந்தோவின் பெயர்.

ரியாந்தோ எந்த ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்? நஹ்ழத்துல் உலமா என்பது ஜாவாவின் கிராமத்து மார்க்க ஆசிரியர்கள் 1926-ல் சுரபாயாவில் தொடங்கிய அமைப்பு. பெயருக்கு ஆலிம்களின் எழுச்சி என்று அர்த்தம். கிராமத்து ஆசிரியரை அங்கே கியாய் என்பார்கள். அவர் நடத்தும் பள்ளியில் பிள்ளைகள் தங்கிப் படிப்பார்கள். திருமணமா, நோயா, நிலத் தகராறா, எதற்கும் கிராமத்தான் முதலில் போய் நிற்பது கியாய் வீட்டு வாசலில்தான். இந்த அமைப்பின் வாலிபர் சங்கம் அன்சோர், 1934-ல் பிறந்தது. அன்சோரின் சீருடை அணிந்த தொண்டர் படைக்குப் பான்செர் என்று பெயர். ரியாந்தோ பான்செர் தொண்டர்.

இனி 1965-க்கு வருவோம். எங்கள் இளந்தோழரின் கேள்வி அங்கேதான் நிற்கிறது.

அன்று இந்தோனேசியக் கம்யூனிஸ்ட் கட்சியில் சுமார் 30 லட்சம் உறுப்பினர்கள். சோவியத் நாட்டுக்கும் சீனத்துக்கும் வெளியே அவ்வளவு பெரிய கம்யூனிஸ்ட் கட்சி கிடையாது. 1960-ல் அந்நாட்டில் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. ஜன நெருக்கம் மிகுந்த பகுதியில் ஒரு குடும்பம் 5 ஹெக்டேர் நஞ்சைக்கு மேல், அதாவது சுமார் பன்னிரண்டரை ஏக்கருக்கு மேல், வைத்துக்கொள்ளக் கூடாது. வாரத்துக்கு உழுகிறவனுக்கு நெல்லில் குறைந்தது பாதி தர வேண்டும். காகிதத்தில் எழுதியாயிற்று. நடந்ததா? நிலச்சுவான்தார்கள் சொந்தக்காரர் பெயரிலும் வேலைக்காரர் பெயரிலும் எழுதி வைத்தார்கள். சிலர் மதத் தர்மச் சொத்து என்று எழுதி மறைத்தார்கள். (நம் ஊரில் உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அறக்கட்டளைகள் மழைக்காலக் காளான்போல் முளைத்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) சட்டம் தந்த நிலத்தைச் சர்க்கார் தராததால், 1964-ல் விவசாயிகள் தாங்களே கொடி நட்டு இறங்கினார்கள். கிழக்கு ஜாவாவில் அந்த நிலங்களில் ஒரு பகுதி யாருடையது? வசதி படைத்த கியாய்களுடையது, அவர்களுடைய உறவினர்களுடையது.

நிலத்துக்கு வந்த ஆபத்தை மதத்துக்கு வந்த ஆபத்து என்று சொல்வது எவ்வளவு சுலபம்! பள்ளியில் ஓதக் கற்றுக்கொடுத்தவரே வந்து, "அவர்கள் நாத்திகர்கள், மார்க்கத்தை அழிக்க வருகிறார்கள்" என்றால், அரைக் காணி நிலமும் இல்லாத வாலிபன் நம்பிவிடுகிறான். யாருக்காகக் கத்தி எடுக்கிறோம் என்று அவன் யோசிப்பதில்லை.

நம் பக்கத்துத் தவற்றையும் மறைக்க வேண்டாம். 1965 ஜனவரியில் கெதிரிக்கு அருகே கனிகோரோவில், முஸ்லிம் மாணவர்களின் பயிற்சி முகாமுக்குள் கம்யூனிஸ்ட் வாலிபர்கள் விடியற்காலையில் புகுந்து தாக்கினார்கள். பள்ளிவாசலுக்குள் அவமரியாதை நடந்தது என்ற பேச்சு ஜாவா முழுவதும் பரவியது. நிலச்சுவான்தாரை எதிர்த்துக் கிளம்பியவர்கள், ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகள்மேல் போய் விழுந்தால் லாபம் யாருக்கு? வாரத்துக்கு உழுத முஸ்லிம் குடியானவனையும் அவனுடைய கியாயையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட வேலை அது. அதே ஆண்டு அக்டோபரில் பான்யுவாங்கி வட்டாரத்தில் அன்சோர் வாலிபர்கள் பலர் கொல்லப்பட்டதும் நடந்திருக்கிறது. இவற்றையும் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

1965 செப்டம்பர் 30 இரவு ஜாகர்த்தாவில் ஆறு தளபதிகள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். மறுநாளே சுகார்த்தோவின் கையில் ராணுவம். ராணுவப் பத்திரிகைகள் ஒரு கதையைக் கிளப்பின. கம்யூனிஸ்ட் ஸ்திரீகள் தளபதிகளின் கண்களைத் தோண்டினார்கள், உறுப்புகளை அறுத்தார்கள் என்று. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை. சுகார்த்தோவே உத்தரவிட்டுச் செய்த பரிசோதனை அது! அறிக்கை வெளியே தெரிந்தது 1987-ல். அதற்குள் இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. கொல்லப்பட்டவர்கள் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள். 5 லட்சம் பேர் என்கிறார்கள் சிலர், 10 லட்சம் என்கிறார்கள் சிலர். ராணுவம் பட்டியல் கொடுத்தது, லாரி கொடுத்தது, ஆயுதம் கொடுத்தது. அமெரிக்கத் தூதரகமும் தன் பங்குக்குக் கம்யூனிஸ்டுகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தது. அதைத் தயாரித்த அதிகாரியே 1990-ல் ஒப்புக்கொண்டார். கிழக்கு ஜாவாவில் வெட்டுவதற்கு அனுப்பப்பட்ட கைகளில் பெரும்பாலானவை அன்சோர் வாலிபர்களின் கைகள். பிரந்தாஸ் ஆற்றில் பிணங்கள் மிதந்தன.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, முஸ்லிம்கள் அப்படித்தான்" என்று நம் தெருவில் எவனாவது சொன்னால், அவனிடம் பாலித் தீவைப் பற்றிக் கேளுங்கள். பாலியின் மக்கள் இந்துக்கள். அங்கேயும் அதே மாதங்களில், அதே ராணுவத்தின் துணையோடு, சுமார் 80,000 பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களும் இந்துக்கள், செத்தவர்களும் இந்துக்கள். தீவைத் தூய்மைப்படுத்துகிறோம் என்று அவர்களுக்கும் மதத்தின் பெயரால்தான் சொல்லிக்கொடுக்கப்பட்டது. நிலத் தகராறு பாலியிலும் இருந்தது.

அப்புறம் முப்பத்திரண்டு ஆண்டுகள் சுகார்த்தோ ஆட்சி. விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர்கள் லட்சக்கணக்கில். புரு தீவில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். அங்கிருந்த கடைசிக் கைதிகள் வெளியே வந்தது 1979-ல். வந்த பிறகும் அடையாள அட்டையில் மாஜி அரசியல் கைதி என்ற குறி. பிள்ளைகளுக்குச் சர்க்கார் வேலை கிடையாது, மருமகனுக்கும் கிடையாது. அன்சோர் வாலிபர்களுக்காவது ஏதாவது கிடைத்ததா? நிலம் கிடைக்கவில்லை. சுகார்த்தோ அவர்களுடைய கட்சியையும் நசுக்கினார். நிலச் சட்டத்தை எவரும் மறுபடி திறக்கவில்லை.

இந்த அமைப்புக்கு 1984-ல் தலைவராக வந்தவர் அப்துர் ரஹ்மான் வாஹித். ஜனங்கள் அவரைக் குஸ் துர் என்றே கூப்பிட்டார்கள். ஜொம்பாங்கில் பிறந்தவர், ஸ்தாபகரின் பேரன். கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது, கடைசியில் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. ஹாஸ்யம் மட்டும் குறையவில்லை. வாலிபப் பருவத்தில் குர்ஆனோடு மார்க்சையும் லெனினையும் படித்தவர். கம்யூனிஸ்ட் ஆகவில்லை, நாமும் அப்படி உரிமை கொண்டாட வேண்டாம். 1960-களில் பான்செர் படையை நடத்திய முக்கியஸ்தர் யூசுப் ஹஸ்யிம் என்பவர், அவருடைய சொந்தச் சித்தப்பா. ஆகவே 1965-ல் நடந்தது என்ன என்பது குஸ் துருக்கு வீட்டுக்குள்ளேயே தெரிந்த சங்கதி.

அவர் தலைமைக்கு வந்த மாநாடு நடந்த ஊர் சித்துபோந்தோ. அதே சித்துபோந்தோவில் 1996 அக்டோபர் 10 அன்று கலவரம். மார்க்கத்தை இழிவாகப் பேசியதாக ஒரு முஸ்லிம் மீதே வழக்கு. தண்டனை போதாது என்று கூட்டம் கொதித்தது. அவனைத் தேவாலயத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்தில் இருபதுக்கு மேற்பட்ட தேவாலயங்கள் எரிந்தன. ஒரு போதகர் உள்பட ஐந்து பேர் உள்ளேயே வெந்து செத்தார்கள். எரித்த ஊரோ நஹ்ழத்துல் உலமாவின் கோட்டை. வெளியார் சூழ்ச்சி, சுகார்த்தோவின் ஆட்கள் கிளப்பிவிட்டார்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது, இருந்திருக்கலாம். வேறொரு தலைவராயிருந்தால் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "எங்கள் பிள்ளைகள் நல்லவர்கள்" என்று அறிக்கை விட்டிருப்பார். குஸ் துர் கிறிஸ்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு தம் வாலிபர்களிடம், தேவாலயங்களைப் போய்க் காவல் காக்கும்படி சொன்னார்.

தோழர்களே, இந்த இரண்டாவது காரியத்தைக் கவனிக்க வேண்டும். 'மாற்று மதத்தாரை நேசியுங்கள்' என்று பிரசங்கம் செய்வது எளிது. வாலிபன் அந்தக் காதில் வாங்கி இந்தக் காதில் விட்டுவிடுவான். அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். சீருடை போட்டுக்கொள், இரவெல்லாம் விழித்திரு, வருகிற வண்டியைப் பார், கிடக்கிற மூட்டையைப் பார் என்றார்கள். ஒரு இரவு ஒரு வாசலில் நின்றவனுக்கு அந்த வாசலுக்குள் போகிறவர்களின் முகம் தெரிந்துவிடுகிறது. டீ கொண்டுவந்து கொடுக்கும் கிழவியைத் தெரிந்துவிடுகிறது. அடுத்த தடவை வதந்தி வந்தால், "அந்த அம்மாவா? இருக்காதே" என்று அவனுக்குத் தோன்றும். சங்கம் கட்டுகிற நமக்கு இது புதிய பாடமில்லை. மறியல் பந்தலில் ஒரு ராத்திரி சேர்ந்து படுத்தவர்களிடம் சாதிப் பேச்சு எடுபடாது என்பதை நாம் கண்டிருக்கிறோம். ஊர் ஊராக இந்தக் காவலை ஏற்பாடு செய்தவர்கள் பெயர் தெரியாத கியாய்களும் வட்டாரச் செயலாளர்களும்தான். சொந்த ஜமாத்தில், "தேவாலயத்துக்குக் காவலா?" என்று முறைத்தவர்களுக்குப் பதில் சொன்னவர்களும் அவர்களே.

1999 அக்டோபரில் குஸ் துர் ஜனாதிபதியானார். சீனர்களின் பண்டிகைகளைப் பொது இடத்தில் கொண்டாடக் கூடாது என்று 1967-ல் சுகார்த்தோ போட்ட உத்தரவை 2000-ல் ரத்து செய்தார். 1965-ன் கொலைகளுக்காக அதே ஆண்டு மன்னிப்புக் கோரினார். கம்யூனிசத்தைத் தடைசெய்த 1966-ஆம் ஆண்டுத் தீர்மானத்தை நீக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒரு முஸ்லிம் ஆலிம், தன் சொந்த அமைப்பின் கைகளில் ரத்தம் உண்டு என்று நாடறிய ஒப்புக்கொண்டார். சொந்த அமைப்பிலேயே எத்தனை பேர் பல்லைக் கடித்திருப்பார்கள்! மக்கள் பேரவை தீர்மானத்தை நீக்க மறுத்தது. அது இன்றும் அமுலில் இருக்கிறது. 2001 ஜூலையில் அவரையே பதவியிலிருந்து இறக்கினார்கள்.

புரு தீவில் பல ஆண்டுகள் கிடந்த எழுத்தாளர் பிரமோத்யா அனந்த தூர் அந்த மன்னிப்பை ஏற்கவில்லை. வாய்வார்த்தை போதாது, நீதி வேண்டும் என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வழக்கு எங்கே? நஷ்ட ஈடு எங்கே? பிடுங்கிய நிலம் எங்கே? 2023 ஜனவரியில்தான் இந்தோனேசிய ஜனாதிபதி ஒருவர், 1965-66 சம்பவங்கள் கொடிய மனித உரிமை மீறல்கள் என்று சர்க்காரின் பேரால் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். வழக்கு இன்னும் இல்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, குஸ் துர் திறந்த கதவு வழியாக உள்ளே போன வாலிபர்களின் வேலை. யோக்யகர்த்தாவில் 2000-ல் நஹ்ழத்துல் உலமா இளைஞர்கள் சிலர் சேர்ந்து சியாரிகாத் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகப் போய், தங்கள் பெரியப்பன்மாரும் தாத்தாக்களும் செய்த காரியத்தை விசாரித்தார்கள். சிறையிலிருந்து மீண்ட கிழவர்களையும் கிழவிகளையும், அன்சோரின் பழைய ஆட்களையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்தார்கள். அடுத்த தெருவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தும் முகம் பார்க்காதவர்கள் அவர்கள். பிற மதத்தாரைப் பொறுத்துக்கொள்வதைவிட இது கடினமான வேலை என்பது என் அபிப்பிராயம். இங்கே எதிரே உட்கார்ந்திருப்பவர் நாம் அநியாயம் செய்த மனிதர்.

குஸ் துர் 2009 டிசம்பர் 30-ல் காலமானார். அவர் பெயரால் இயங்கும் குஸ்துரியான் என்ற வலைப்பின்னலை அவருடைய மகள் அலிஸா வாஹித் நடத்துகிறார். பல ஊர்களில் இளைஞர் வகுப்புகள் நடக்கின்றன. அவருடைய மனைவி சிந்தா நூரியா, ரமலான் மாதத்தில் ஊர் ஊராகச் சென்று மூட்டை தூக்குகிறவர்கள், ரிக்‌ஷா மிதிக்கிறவர்கள், கட்டிட வேலைக்காரர்களோடு உட்கார்ந்து நோன்புச் சாப்பாடு சாப்பிடுகிறார். சில ஊர்களில் அந்த விருந்துக்குத் தேவாலயமும் சீனக் கோவிலும் இடம் கொடுக்கின்றன. 2016-ல் செமாராங்கில் ஒரு தேவாலயத்தில் நடக்கவிருந்த நிகழ்ச்சியை, வெறியர்களின் எதிர்ப்பால் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 2019-ல் நஹ்ழத்துல் உலமாவின் ஆலிம்கள் கூடி, பிற மதத்துக் குடிமக்களைக் காஃபிர் என்று சொல்ல வேண்டாம், அவர்கள் நாட்டின் பிரஜைகள் என்று முடிவு செய்தார்கள்.

இவற்றையெல்லாம் சொல்லி அவர்களுக்கு மாலை போட்டுவிட்டுப் போக நான் தயாரில்லை. மதுரா தீவின் சாம்பாங்கில் 2012-ல் ஷியா முஸ்லிம்களின் வீடுகளைக் கொளுத்தி ஊரைவிட்டு விரட்டியபோது, உள்ளூர் கியாய்களில் பலர் எந்தப் பக்கம் இருந்தார்கள்? விரட்டியவர்கள் பக்கம்தான். தேவாலயத்துக்குக் காவல் நின்ற தைரியம் அங்கே காணவில்லை. 2024-ல் சர்க்கார் மத அமைப்புகளுக்கு நிலக்கரிச் சுரங்க உரிமை தருவதாக ஆணை போட்டது. நஹ்ழத்துல் உலமாத் தலைமை முந்திக்கொண்டு கை நீட்டியது. சுரங்கம் வைத்திருப்பவர் சுரங்கத் தொழிலாளியின் வேலைநிறுத்தத்தை என்ன பெயரிட்டு அழைப்பார்? 1964-ல் நிலம் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்களோ, அதைச் சுரங்கம் வைத்திருப்பவர்கள் செய்யமாட்டார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது? அமைப்புக்குள்ளேயே வாலிபர்கள் பலர் இந்தச் சுரங்கத்தை எதிர்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள். குஸ் துர் ஊட்டிய பாலில் அதுவும் ஒரு சத்து என்றே கொள்கிறேன்.

இனி, இளந்தோழரின் கேள்விக்கு என் பதில். ரியாந்தோ 1965-ல் பிறக்கவேயில்லை. அவருடைய தகப்பன் தலைமுறையில், அவரைப் போன்ற ஏழை வீட்டுப் பிள்ளையின் கையில் வெட்டரிவாளைக் கொடுத்தார்கள். அவர் காலத்தில் அதே அமைப்பு, அதே சீருடையைக் கொடுத்து, தேவாலய வாசலில் நிற்கச் சொன்னது. நடுவில் சிலர் உண்மையைப் பேசினார்கள். வாலிபன் மாறவில்லையா என்றால், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மாறினார்கள். 1965-ன் கணக்கு தீரவில்லை. அதை மறக்கச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கை ரியாந்தோவின் பெயரில் எழுத நான் சம்மதிக்கமாட்டேன்.

இவ்வளவும் இரண்டாவது வகுப்பில் சொன்னேன். இளந்தோழர் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. "நிலத்தைப் பிரிச்சுக் கொடுக்காம காவல் மட்டும் நின்னா எத்தனை நாளைக்குத் தோழர் நிக்கும்?" என்றார். பாபின் பிரிவில் வேலை செய்யும் மூத்த அம்மா ஒருவர், "நிக்கற வரைக்கும் நிக்கட்டும் தம்பி, உள்ள இருக்கறவங்க உசிரோட இருப்பாங்கல்ல" என்றார். விவாதம் முடியவில்லை. வரும் ஞாயிறு மாலை, ஜாவாவின் நிலச் சட்டத்தையும் நம் உச்சவரம்புச் சட்டத்தையும் சேர்த்து வைத்துப் பேசுவதாக இருக்கிறோம். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் வர வேண்டும். இந்தோனேசியாவின் பெரிய வரைபடம் யாரிடமாவது இருந்தால் சங்க அலுவலகத்துக்குக் கொடுத்து உதவவும். எங்களிடம் இருப்பதில் ஜாவா விரல்நகம் அளவுக்குத்தான் தெரிகிறது.